எதிரும் புதிருமாகச் சுழலும் இரட்டை விசிறி: பாரீஸிலிருந்து அரக்கோணம் வரை



"கவிதை நிறைய வந்துவிட்டது. மெக்கானிக்கல்காரர் ஒருத்தராவது உருப்படியாக ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். காற்றாலைகளின் கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பல்சக்கரத்தைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? ஆகவே ஒரு பல்சக்கரக் கதையையே எழுதுகிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இது. பிரான்சில் தொடங்கி, நம் பக்கத்து அரக்கோணம் வரை வந்து சேர்ந்த கதை.

உப்பளத்துப் படகு சொல்லும் பாடம்

நான் குடியிருப்பது உப்பளத்தில். துறைமுகப் பக்கம் நடந்து போய், கரையில் கட்டியிருக்கும் விசைப்படகுகளைப் பார்ப்பது பழக்கம். படகு ஓட்டும் எவரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைச் சொல்வார். "ரிவர்ஸ் எடுத்தா வால் நேரா வராது சார், ஒரு பக்கமா இழுக்கும். எந்தப் பக்கம்னு படகைப் பாத்துத் தெரிஞ்சு வச்சுக்கணும்." இதற்கு அவர் நியூட்டனைப் படித்திருக்க வேண்டியதில்லை, கை பழகியிருந்தால் போதும்.

காரணம் என்ன? ஒற்றைப் புரொப்பல்லர் நீரைப் பின்னால் தள்ளுவதோடு நிற்பதில்லை. பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளுகிறது. நீரையும் சேர்த்துச் சுழற்றிவிடுகிறது. இதனால் இரண்டு நஷ்டங்கள். ஒன்று, சுழலும் நீரில் போன சக்தி படகை முன்னே தள்ள உதவாது, அது வீண். இரண்டு, விசிறியை எஞ்சின் ஒரு திசையில் முறுக்கும்போது, எஞ்சினைத் தாங்கும் உடலை அந்த முறுக்கு எதிர்த் திசையில் திருப்பப் பார்க்கும். மூன்றாம் விதி யாரையும் விடாது!

தீர்வும் எளிதாகத்தான் தோன்றும். ஒன்று வலமாகச் சுற்றினால் இன்னொன்று இடமாகச் சுற்றட்டும். இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, இரண்டு தனித்தனித் தண்டுகளில் இரண்டு விசிறிகளை வைத்து எதிரெதிராகச் சுற்றுவது. இரட்டைப் புரொப்பல்லர் கப்பல்களில் காணும் முறை இது. இதை ஈரச்சு முறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகளை வைத்து எதிரெதிராகச் சுற்றுவது. முன் விசிறி கிளப்பிவிட்ட சுழலைப் பின் விசிறி பிடித்து நேராக்கி, அந்தச் சக்தியையும் உந்துதலாக மாற்றிவிடும். இது ஓரச்சு முறை. நம் கதை இந்த இரண்டாவதைப் பற்றியது.

இறகும் ரப்பர் பேண்டும்

ஆண்டு 1784. 1778-இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமே திருப்பித் தருவதாக உடன்படிக்கை எழுதி ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் பாரீஸில், அறிவியல் கழகத்தின் முன்னால், லானுவா என்ற இயற்கை ஆய்வாளரும் பியன்வெனு என்ற கம்மியரும் ஒரு விளையாட்டுப் பொருளைக் காட்டினார்கள். ஒரு குச்சி. அதன் மேல்முனையில் ஒரு வரிசைப் பறவை இறகுகள், கீழ்முனையில் இன்னொரு வரிசை. நடுவில் ஒரு சிறு வில். வில்லின் கயிற்றைக் குச்சியில் முறுக்கிச் சுற்றிவிட்டால், வில் நிமிரும்போது கயிறு பிரிந்து மேல் இறகும் கீழ் இறகும் எதிரெதிராகச் சுழலும். பொருள் மேலே எழும்பும்.

ஏன் எதிரெதிராக? காற்றில் மிதக்கும் பொருளுக்குப் பிடிமானம் கிடையாது. ஒரு விசிறி மட்டும் இருந்தால் விசிறி ஒரு பக்கமும் குச்சி மறுபக்கமும் சுற்றும். இரண்டும் விசிறியானால் இரண்டு சுற்றலும் வேலைக்கு ஆகும்.

1870-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், அல்ஃபோன்ஸ் பெனோ, வில்லுக்குப் பதிலாக முறுக்கிய ரப்பரை வைத்து இதையே செய்தார். அந்த வகைப் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தம் பையன்களுக்கு வாங்கி வந்தார். பையன்களின் பெயர் வில்பர், ஆர்வில். ஆமாம், ரைட் சகோதரர்களேதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முறுக்கிய ரப்பருக்கு இரண்டு முனை. இரண்டு முனையும் இயல்பாகவே எதிரெதிர்த் திசையில் சுற்றும். கியர் எதுவும் தேவையில்லை. ஆனால் எஞ்சினுக்கு வெளியே வரும் முனை ஒன்றுதான். அந்த ஒரு முனையிலிருந்து இரண்டு எதிர்ச் சுற்றல்களை எடுப்பது எப்படி? யோசனை 1784-லேயே வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் நம்பகமான பதில் கிடைக்க இன்னும் 170 ஆண்டுகள் ஆயின.

கப்பலும் டார்ப்பிடோவும்

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஜான் எரிக்சன் 1836-இல் இங்கிலாந்தில் கப்பல் புரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சக்கரங்கள் இருந்தன. 1837-இல் தேம்ஸ் நதியில் படகு ஓட்டியும் காட்டினார். ஆனால் தண்டுக்குள் தண்டு வைத்து, இரண்டுக்கும் பேரிங் வைத்து, கடல்நீர் புகாமல் காப்பது சாமானியமான வேலையா? பின்னாளில் அமெரிக்கக் கடற்படைக்காக அவர் வடிவமைத்த 'பிரின்ஸ்டன்' கப்பலில் ஒற்றைப் புரொப்பல்லரே இருந்தது.

ஆனால் டார்ப்பிடோவுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. சுருட்டு போன்ற உருளை உடல். உருண்டால் தடுக்க ஒன்றும் இல்லை. ஒற்றை விசிறி வைத்தால் உடலே உருளப் பார்க்கும், குறி தப்பும். ஆகவே 1870-களிலேயே ஒயிட்ஹெட் டார்ப்பிடோவுக்கு ஓரச்சு இரட்டை விசிறி வந்துவிட்டது. டார்ப்பிடோ ஓடுவது சில நிமிடங்கள். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சில நிமிடம் உழைக்கும் கியர் செய்வது வேறு; பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும் கியர் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

ஆகாயத்தில்

விமானத்துக்கு இந்த யோசனையை 1907-இல் இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் காப்புரிமையாகப் பதிவு செய்தார். செய்து காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் இத்தாலியர்கள். மாக்கி எம்.சி.72 என்ற கடல் விமானம், 1934 அக்டோபர் 23 அன்று ஃபிரான்செஸ்கோ அஜெல்லோ ஓட்ட, மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பிஸ்டன் எஞ்சின் கடல் விமானங்களில் இந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. அவர்கள் கியர்ச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? 12 சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டவைத்து, ஆளுக்கொரு விசிறியைக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சினுக்கு ஒரு முனைதானே, இரண்டு எஞ்சினாக வைத்துவிட்டால் போச்சு! கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் இது சிக்கலைத் தாண்டிப் போன வழி. தீர்த்த வழி அல்ல.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் வகைகள் சிலவும், பிறகு ஷாக்கில்டன் என்ற கடல் கண்காணிப்பு விமானமும் கியர் வழியாக இரட்டை விசிறியைச் சுழற்றின. எஞ்சினின் பலம் 2,000 குதிரைத் திறனை ஒட்டி இருந்தவரை ஓரளவு தாக்குப் பிடித்தது. அடுத்து வந்தவர் கேட்டது அதைப் போல ஆறேழு மடங்கு.

ஒரு பல் முறிந்த கதை

அமெரிக்கா வரை போய்த் திரும்பக்கூடிய குண்டுவீச்சு விமானம் வேண்டும் என்றது சோவியத் அரசு. அன்றைய ஜெட் எஞ்சின் குடித்த எரிபொருளுக்கு அது நடக்காத காரியம். புரொப்பல்லர் சிக்கனமானது, ஆனால் வேகம் வராது என்பது பொதுக் கருத்து. ஆந்திரேய் துப்போலெவ், டர்பைன் எஞ்சினில் இரட்டை விசிறியைப் பூட்டி இரண்டையும் சாதிக்கலாம் என்று துணிந்தார். எஞ்சின் பொறுப்பு குய்பிஷெவ் நகரில் (இன்றைய சமாரா) நிக்கோலாய் குஸ்னெத்சோவின் நிலையத்துக்கு. போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து கொண்டுபோகப்பட்ட பொறியாளர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் அவர்களுக்குத் தலைவர்.

டி.யூ.-95 என்ற அந்த விமானத்தின் முதல் மாதிரி 1952 நவம்பர் 12 அன்று பறந்தது. தேவையான பெரிய எஞ்சின் அப்போது தயாராகவில்லை. ஆகவே இரண்டு சிறிய எஞ்சின்களை இணைத்து ஒரே கியர்பாக்ஸுக்குள் விட்டிருந்தார்கள். 1953 மே 11 அன்று நடுவானில் மூன்றாம் எண் எஞ்சினின் கியர்பாக்ஸ் சிதைந்து தீப்பற்றியது. மற்றவர்களில் பலர் பாராசூட்டில் குதிக்க, தலைமை விமானி அலெக்சேய் பெரெல்யோத் விமானத்தைக் காப்பாற்றப் பார்த்து, அதோடேயே மடிந்தார். விசாரணையில் கண்டது, கியர் ஒன்றின் சோர்வுத் தாங்குதிறன் போதவில்லை என்பதே. அதாவது ஒரே அடியில் உடையவில்லை. லட்சக்கணக்கான சிறு சுமைகளில் உலோகம் களைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து, ஒருநாள் முறிந்தது.

என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காற்றாலையின் கியர்பாக்ஸைத் திறந்தால் பல்லின் முகத்தில் கடுகளவு குழி இருக்கும். எண்ணெயில் மினுமினுப்பாகத் துகள் தெரியும். "இதுதானே, ஓடட்டும்" என்று விட்டால், சில மாதத்தில் பல்லே கையில் வரும். முப்பந்தலில் அது நடந்தால் காற்றாலை நிற்கும், பண நஷ்டம். வானத்தில் நடந்தால் உயிர்.

நவக்கிரக கியர்பாக்ஸ்

இரண்டு எஞ்சின் ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒரே பெரிய எஞ்சினான என்.கே.-12-ஐ முடித்தார்கள். அதைப் பூட்டிய மாதிரி 1955 பிப்ரவரியில் பறந்தது. புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம். பின்னர் வந்த அதன் மேம்பட்ட வகை ஏறத்தாழ 15,000 குதிரைத் திறன் தரும். டர்பைன் நிமிடத்துக்கு சுமார் 8,300 சுற்று. விசிறி சுமார் 735 சுற்று. ஒரு வரிசைக்கு நான்கு இறக்கை, இரண்டு வரிசை, விட்டம் 5.6 மீட்டர்.

இதன் கியர்பாக்ஸ் டிஃபரன்ஷியல் கோள்வகை கியர். நவக்கிரகச் சந்நிதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சூரியன், இதை டர்பைன் சுற்றுகிறது. சுற்றிலும் கோள் கியர்கள். இவற்றை ஒரு தாங்கிச் சட்டம் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் சுற்றி மதில் போல, உட்பக்கம் பல் வெட்டிய வளைய கியர். வளையத்தை அசையாமல் பிடித்தால் கோள்களின் சட்டம் சூரியன் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றும். சட்டத்தைப் பிடித்தால் வளையம் எதிர்த் திசையில் சுற்றும். இரண்டையுமே பிடிக்காமல் விட்டால்? இரண்டும் சுற்றும், எதிரெதிராக! சட்டத்தை முன் விசிறிக்கும், வளையத்தைப் பின் விசிறிக்கும் பூட்டினால் வேலை முடிந்தது. ஒரு முனை எஞ்சினிலிருந்து இரண்டு எதிர்ச் சுற்றல்! 1784-இன் கேள்விக்கு இதுதான் பதில்.

மாணவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் பற்கள் சூரியனின் பற்களைப் போல ஐந்து மடங்கு என்று வையுங்கள். சூரியனில் முறுக்கு விசை 1 பங்கு என்றால் வளையத்தில் 5 பங்கு, சட்டத்தில் 6 பங்கு. இரண்டு விசிறியும் சம வேகத்தில் ஓடினால் வேகக் குறைப்பு 5-ம் 6-ம் கூட்டி 11 மடங்கு. முன் விசிறிக்குத் திறனில் 11-இல் 6 பங்கு, அதாவது 54.5 சதவீதம், பின் விசிறிக்கு 45.5. என்.கே.-12-க்குச் சொல்லப்படும் கணக்கு 54.4-ம் 45.6-ம்! நம் முழு எண் கணக்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது பாருங்கள். பங்கு பிரிப்பது ஓட்டுநரோ கணினியோ அல்ல, பற்களின் எண்ணிக்கை.

இன்னும் ஒரு அழகு உண்டு. விசிறிகள் வாங்கும் மொத்த முறுக்கு விசை, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 14 டன்னுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஒற்றை விசிறியாக இருந்தால் அவ்வளவும் இறக்கையை முறுக்கும். இரட்டை விசிறியில் 6-இல் 5 கழிந்து 1 பங்குதான் மிஞ்சும்; அதாவது சுமார் 1.3 டன்.

இந்த ஏற்பாட்டில் இரு விசிறிகளின் வேகமும் ஒன்றோடொன்று பூட்டப்படவில்லை. ஆட்டோவின் பின்சக்கரங்கள் வளைவில் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றனவே, அதுபோல. முன் விசிறி கலக்கிவிட்ட காற்றில் ஓடும் பின் விசிறிக்குச் சுமை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இறக்கைகளின் கோணத்தைத் தானாகவே திருப்பி இரண்டையும் சம வேகத்தில் வைக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு.

வேகத்துக்கும் ரகசியம் இதுவே. 735 சுற்றில் இறக்கை நுனி வினாடிக்கு 215 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போனால் இரண்டும் சேர்ந்து நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 310 மீட்டர். உயரத்தில் ஒலியின் வேகமே 300-ஐ ஒட்டித்தான். இதற்கு மேல் சுற்றினால் இழப்பு அதிகம். மெதுவாகச் சுற்றவும் வேண்டும், 15,000 குதிரையையும் செரிக்க வேண்டும் என்றால் எட்டு இறக்கை வேண்டும். எட்டையும் இரண்டு வரிசையாக எதிரெதிரே விட்டார்கள்.

ராஜாளியின் கூட்டில்

டி.யூ.-95-இன் கடல் கண்காணிப்பு வடிவம் டி.யூ.-142. இந்தியக் கடற்படை இதன் 'எம்' வகையில் எட்டு விமானங்களை வாங்கியது. 1988-இல் அவை கோவா வந்தன. 312-ஆம் படைப்பிரிவு, செல்லப்பெயர் 'ஆல்பட்ராஸ்'. அந்த ஆண்டு நவம்பரில் மாலத்தீவில் நடந்த 'ஆபரேஷன் காக்டஸ்' நடவடிக்கையிலேயே பங்கெடுத்தன. 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் கடற்படை விமான தளம் ஐ.என்.எஸ். ராஜாளி, குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையால் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே ஆல்பட்ராஸ் அங்கே கூடு மாறியது. நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுதளம். 185 டன் வரை எடையோடு எழும்பும் விமானத்துக்கு அது தேவையாக இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இறங்கியதும் அதே தளத்தில்தான்.

2017 மார்ச் 29 அன்று டி.யூ.-142-கள் ஓய்வு பெற்றன. இருபத்தொன்பது ஆண்டுகள்! அவற்றின் இடத்தில் ஜெட் எஞ்சின் கொண்ட போயிங் பி-8ஐ வந்துவிட்டது. ஒரு டி.யூ.-142 விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 2017 டிசம்பர் முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. எதிரே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். குடும்பத்தோடு போயிருந்தேன். எல்லோரும் இறக்கைகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் முன்வரிசை இறக்கையின் முறுக்கும் பின்வரிசையின் முறுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே இருப்பது தெரியும். அந்த இரண்டு வரிசைக்கும் பின்னால், உலோகக் கூட்டுக்குள் மறைந்திருக்கும் கியரை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அந்த இருபத்தொன்பது ஆண்டுகளும் அதைக் காப்பாற்றியது பராமரிப்புக் கூடத்தில் எண்ணெயைச் சோதித்த கைகள்தாம்.

அப்படியானால் எல்லா விமானத்திலும் ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. எடை கூடும், விலை கூடும், பராமரிப்பு கூடும். முன் இறக்கை கலைத்த காற்றைப் பின் இறக்கை வெட்டும்போது எழும் இரைச்சல் காதைப் பிளக்கும். 1986-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், டர்பைனையே எதிரெதிராகச் சுற்றவிட்டு கியர் இல்லாத இரட்டை விசிறி எஞ்சினைப் பறக்கவிட்டது. எரிபொருள் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது. 2017-இல் பிரான்சின் சாஃப்ரான், இஸ்த்ர் நகரில் கியர் வைத்த இரட்டை விசிறி ஒன்றைத் தரையில் ஓட்டிச் சோதித்தது. ஆனால் 2021-இல் இந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த 'ரைஸ்' திட்டத்தில் முன் வரிசை மட்டும் சுற்றுகிறது. பின் வரிசை சுற்றாமல் நின்றபடியே சுழலை நேராக்குகிறது. 1784-இல் ரப்பரும் கியரும் இல்லாமல் தொடங்கிய யோசனை, பாதிச் சுற்றலை விட்டுக்கொடுத்து எளிமைக்குத் திரும்பப் பார்க்கிறது.

அதற்காக இரட்டை விசிறி ஓய்ந்துவிடவில்லை. இந்தியக் கடற்படையின் காமோவ் ஹெலிகாப்டர்களைப் பாருங்கள். ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு சுழலிகள். வாலில் விசிறியே இல்லை. கப்பலின் சிறு தளத்தில் இறங்க இது வசதி. லானுவாவின் இறகுப் பொம்மைக்கு நேர் வாரிசு!

தம்பி தங்கைகளுக்கு

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. யோசனை 1784-லேயே இருந்தது. காத்திருந்தது யோசனைக்காக அல்ல. நல்ல எஃகுக்காக, சரியாக வெட்டிய பல்லுக்காக, சூடு தாங்கும் எண்ணெய்க்காக, விரிசலை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கண்ணுக்காக. நம் துறையில் "இதெல்லாம் பழைய சப்ஜெக்ட்" என்று ஒதுக்கப்படும் பாடங்கள் இவைதாம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வளையத்தைப் பிடித்துக்கொண்டால் சட்டம் எந்தப் பக்கம் சுற்றும்?" சூத்திரத்தை மளமளவென்று எழுதிவிடுகிற பிள்ளைகள் பலர் இதற்குத் திகைத்துப்போகிறார்கள். சூத்திரம் வேண்டியதுதான். ஆனால் ஒர்க்ஷாப்பில் ஒரு கோள் கியரைக் கையில் எடுத்து, ஒன்றைப் பிடித்து மற்றதைச் சுற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு ஆயுளுக்கும் மறக்காது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்; ஒட்டட்டும், சோப்பு போட்டால் போய்விடும்.